கசப்புக்கு எத்தனை மார்க்கு?

ஒரு பொருளை வாயில் வைப்பதற்கு முன்பே அதற்கு எத்தனை மார்க்கு என்று விசாரித்துக்கொள்கிற கூட்டம் உலகம் பூராவும் பெருகி வருகிறது. நாவல்களுக்கு மார்க்குப் போட்டார்கள்; நான் சண்டை போட்டேன். சினிமாவுக்கு நட்சத்திரம் போட்டார்கள். அது அவர்கள் பிழைப்பு என்று விட்டுவிட்டேன். இப்போது பீருக்கும் போடுகிறார்கள். அதுவும் தசம ஸ்தானத்தோடு! மூன்றரை, நாலு என்று போட்டால்கூட மனுஷ நாக்கு சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். 3.87 என்கிறார்கள், 4.12 என்கிறார்கள். நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தை நிறுத்துக் காட்டுவதற்கு நாக்கு என்ன நகைக்கடைத் தராசா? இந்த அபத்தத்தைப் பற்றிச் சற்று உரக்கவே பேச வேண்டும்.

“தமிழில் கதை எழுதுகிறவனுக்குப் பீரைப் பற்றி என்ன பேச்சு?” என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். குடியின் கொடுமையை நான் அறியாதவன் அல்ல. நல்ல குடும்பங்கள் அதில் கரைந்து போனதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருப்பது உத்தமம். ஆனால், தன் நாக்கைப் பிறரிடம் அடகு வைக்கிற பழக்கம் குடிக்கிறவர்களோடு நின்றுவிடாது. அது புஸ்தகத்துக்கு வரும், சங்கீதத்துக்கு வரும், நாளைக்குப் பெண் பார்க்கப் போகிற இடத்துக்கும் வரும். பீரில் அந்த வியாதி நன்றாக முற்றியிருப்பதால், அங்கே வைத்துப் பார்ப்பது சுலபம். அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொள்ளப் போவது பெல்ஜியத்துப் பீர். அதிலும் ஹாப் தூக்கலாகச் சேர்த்த வகை.

ஹாப் என்பது ஒரு கொடி. கஞ்சாச் செடி எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். ஆனால் அந்தப் போதை இதில் கிடையாது. பெண் கொடியில் பச்சைக் கூம்புகளாகப் பூக்கிறது. கூம்பைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள் பொடி. கசப்பும் வாசனையும் அந்தப் பொடியில்தான் இருக்கின்றன. முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றில் ஹாப்பைப் போட்டுக் கொதிக்க விட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாய்ப் போய்விடும். கொதி அடங்கி, ஆறி, நொதித்த பிறகு போட்டால் வாசனை நிற்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிளகைக் கொதியில் போடுகிறோம். கொத்தமல்லித் தழையை இறக்கிய பிறகு கிள்ளிப் போடுகிறோம்.

இனி ஈஸ்ட். மற்ற நாடுகள் பலவற்றில் ஈஸ்ட் ஒரு கூலியாள். சர்க்கரையைச் சாராயமாக்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விட வேண்டும். பெல்ஜியத்தில் அது பேசும். கிராம்பு வாசனை, மிளகு வாசனை, கனிந்த வாழைப்பழ வாசனை எல்லாம் அதன் வேலை. அவற்றை யாரும் கொண்டு வந்து போடுவதில்லை. ஆகவே பெல்ஜியத்துப் பீரில் ஹாப்பைத் தூக்கலாகச் சேர்ப்பதென்றால், வாயாடிகள் இருவரை ஒரே திண்ணையில் உட்கார வைக்கிற மாதிரி. இருவரும் சம்பாஷித்தால் ராத்திரி பூராவும் கேட்டுக்கொண்டிருக்கலாம். இருவரும் கத்தினால் எழுந்து போக வேண்டியதுதான்.

இந்தச் சம்பாஷணை புதிதல்ல. மேற்குப் பெல்ஜியத்தில் போப்பரிங்க என்று ஓர் ஊர். நூற்றாண்டுக் கணக்கில் ஹாப் விளைகிற மண். ஹாப்புக்கு ஒரு மியூஸியம் வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஹாப் திருவிழா எடுக்கிறார்கள். அந்த ஊர்ப் பேச்சில் ஹாப்புக்கு ‘ஹொம்மல்’ என்று பெயர். அந்தப் பெயரையே வைத்து 1981இல் ‘ஹொம்மல்பியர்’ என்று ஒரு பீர் வந்தது. அமெரிக்காக்காரன் வந்து பெல்ஜியத்துக்கு ஹாப்பைக் கற்றுக்கொடுத்தான் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் காற்றும் அடிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2006இல் ‘உப்லோன் ஷூஃப்’ வந்தது. நூற்றுக்கு ஒன்பது பங்கு சாராயம். 2007இல் டூவெல் கம்பெனி மூன்றாவதாக ஒரு ஹாப்பைச் சேர்த்து ‘டிரிபிள் ஹாப்’ என்று போட்டது, அது ஒன்பதரை. கடைசியில் 2015ஆம் வருஷம், அமெரிக்காவில் பீர்ப் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார் செய்கிற சங்கம் தன் விதிப் புஸ்தகத்தில் ‘பெல்ஜியன் ஐ.பி.ஏ.’ என்று இதற்கு ஒரு தனி வகுப்பைத் திறந்தது. கசப்பு ஐம்பதிலிருந்து நூறு வரை இருக்க வேண்டும் என்று அளவும் போட்டது.

என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த ஐம்பதும் நூறும் எப்படி வருகின்றன என்று பாருங்கள். பீரில் ஒரு கரைப்பானை விட்டுக் குலுக்கிக் கசப்புச் சத்தைப் பிரித்து எடுக்கிறார்கள். அதன் வழியே 275 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று யந்திரத்தில் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆலைக்காரருக்கு இது மிகவும் பிரயோஜனமான கணக்கு. போன மாதம் காய்ச்சியதும் இந்த மாதம் காய்ச்சியதும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்க வேறு வழி அவருக்கு என்ன இருக்கிறது? ஆனால் யந்திரத்துக்கு நாக்குக் கிடையாது. தித்திப்பும் கனமும் உள்ள பீரில் அறுபது இருந்தாலும் கசப்பு அடங்கிக் கிடக்கும். சர்க்கரை துளியும் மிச்சமில்லாத வறண்ட பீரில் முப்பத்தைந்தே தொண்டையைப் பிடிக்கும். ஆறின பிறகு போட்ட ஹாப்பின் வாசனையோ அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. ஆக, ஆலைக்காரர் தம் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்ட ஓர் எண்ணைக் குடிக்கிறவன் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டான். “நான் எண்பது குடித்தேன்”, “நான் நூறு குடித்தேன்” என்று மீசை முறுக்குகிறான். இது ரஸனையா, பளு தூக்குகிற போட்டியா?

கசப்பைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கைப்பையும் ஆறு சுவைகளில் ஒன்றாக மதித்து இலையில் இடம் கொடுத்தவர்கள் நாம். வருஷப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைத் தூவிச் சாப்பிடுகிறோம். எவ்வளவு பூ? ஒரு சிட்டிகை. வெல்லத்துக்கும் புளிப்புக்கும் நடுவில் அந்தக் கசப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு படி வேப்பம்பூவை அரைத்துக் குடிக்கிறவனை வீரன் என்று நம் பாட்டிமார் யாரும் சொன்னதில்லை. வயிற்றில் பூச்சி என்றுதான் நினைப்பார்கள். கைக்குழந்தை கசப்பைத் துப்புகிறது. செடிகொடிகளின் விஷங்களில் அநேகம் கசப்பானவை என்பதால் இயற்கை அப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறது. அந்தப் பயத்தை மெல்ல மெல்லத் தாண்டி, எங்கே எவ்வளவு கசக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதில்தான் ருசி இருக்கிறது. அளவை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஜம்பம்.

இனி மார்க்கு விஷயம். பெல்ஜியத்தின் தெற்கு மூலையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, ஃப்ளோரான்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஓர்வால் என்று ஒரு கிறிஸ்தவ மடம் இருக்கிறது. 1793இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை அதைக் கொளுத்தியது. நூற்று முப்பது வருஷங்களுக்கு மேல் வெறும் கற்குவியலாகக் கிடந்தது. 1926இல் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டப் பணம் வேண்டாமா? 1931இல் ஒரு பீர் ஆலை வைத்தார்கள். மடத்துக்கு வரைபடம் போட்ட ஆன்ரி வாஸ் என்ற சிற்பியே பீர்க் கிண்ணத்துக்கும் வடிவம் கொடுத்தார். அன்றிலிருந்து இன்று வரை அந்த மடம் ஊருலகத்துக்கு விற்கிற பீர் ஒன்றே ஒன்று. அதற்கும் பெயர் ஓர்வால். ஆறின பீரில் ஹாப் போடுவது இங்கிலாந்துக்காரர்கள் முறை. அதை இங்கே ஆரம்ப காலத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். புட்டியில் அடைக்கும்போது பிரெட்டானோமைஸிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட்டையும் சேர்க்கிறார்கள்.

இந்த இரண்டாவது ஈஸ்ட் ஒரு விசித்திரப் பிறவி. 1904இல் டென்மார்க் தேசத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் விஞ்ஞானி கிளாஸன் இதைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார். நாட்பட்ட ஆங்கிலப் பீரில் இது இருக்கக் கண்டு, ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். திராட்சை மதுக்காரர்கள் பெரும்பாலோருக்கு இது ஜன்ம சத்துரு. பீப்பாயில் புகுந்துவிட்டால் மது கெட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ஓர்வாலுக்கோ இதுதான் உயிர். மற்ற ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுப்போன சர்க்கரையை இது மூடின புட்டிக்குள் உட்கார்ந்து மாதக்கணக்கில் நிதானமாகத் தின்றுகொண்டே இருக்கும். தித்திப்பு குறைந்துகொண்டே வரும். சாராயம் கொஞ்சம் ஏறும். ஐரோப்பாவில் விற்கிற புட்டியில் 6.2 என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்காவுக்குப் போகிற அதே பீரின் லேபிலில் 6.9 என்று அச்சிட்டிருக்கிறார்கள். லேபிலுக்கே இவனை ஓர் எண்ணில் கட்டிப்போட முடியவில்லை!

பிரஸ்ஸெல்ஸில் என் தமக்கையின் மகன் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரப் பையன். ஒரு சாயங்காலம் என்னை ஒரு கடைக்கு அழைத்துப் போனான். நான் ஓர்வால் கேட்டதும் கைபேசியை எடுத்துத் தடவிப் பார்த்தான்.

“வேண்டாம் மாமா. இது மூணு புள்ளி ஒன்பதுதான். இதே தெருவிலே நாலு புள்ளி மூணு ஒண்ணு கிடைக்குது. வாங்க, அங்கே போகலாம்.”

“நீ இதைக் குடிச்சுப் பார்த்திருக்கியா?”

“இல்லே மாமா. ஆனா ஆயிரக்கணக்கான பேர் குடிச்சுப் பார்த்துப் போட்ட மார்க்கு.”

“எந்த மாசத்துப் புட்டியைக் குடிச்சாங்க?”

“புட்டியிலே மாசம் என்ன மாமா?”

அவனுக்குப் பதில் கடைக்காரரே சொல்லிவிட்டார். “இளசா, முற்றினதா?” என்று கேட்டார். நம் ஊரில் இளநீர்க்காரர் கேட்கிற அதே கேள்வி. பெல்ஜியத்தில் ஓர்வாலைச் சீராட்டுகிற சில கடைகளில் இப்படிக் கேட்கிற வழக்கம் உண்டு. பழையதைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். புட்டியின் லேபிலில் அடைத்த தேதி இருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொன்று கொண்டுவரச் சொன்னேன். ஒன்று அடைத்து மூன்று மாதம் ஆனது. மற்றது ஒன்றரை வருஷம் தாண்டியது. இரண்டும் சில்லிட்டு இல்லை. கிணற்றடி நிழலில் வைத்தது போன்ற குளிர்ச்சிதான். பனிக்கட்டி போல் குளிர வைத்தால் மூக்குக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இளசை ஊற்றினேன். அகன்ற கிண்ணத்தில் பாதிக்கு நுரை. நுரைக்கு மேலே மூக்கை வைத்தால் உரித்த ஆரஞ்சுத் தோல், அறுத்துப் போட்ட பசும்புல், எங்கோ ஓரத்தில் மிளகு. வாயில் முதலில் மெல்லிய தித்திப்பு. அது நாக்கில் தங்குவதற்குள் கசப்பு வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றது. சுத்தமான, கூர்மையான கசப்பு. முற்றினதை ஊற்றினேன். அதே பழுப்பு நிறம், அதே நுரை. ஆனால் ஆரஞ்சும் புல்லும் போன இடம் தெரியவில்லை. காய்ந்த வைக்கோல், பழைய தோல் சேணம், எலுமிச்சைத் தோல். தித்திப்பு அறவே இல்லை. கசப்பு இருக்கிறது, ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறது. வாயை உலர்த்திவிட்டு, அடுத்த வாய்க்காக ஏங்க வைக்கிறது. இரண்டும் ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே லேபில். இரண்டும் இரண்டு வேறு பீர்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த 3.9 எதற்குப் போட்ட மார்க்கு? ஒருவன் மூன்று மாதத்துப் புட்டியைக் குடித்து நாலரை போட்டிருப்பான். இன்னொருவன் மூன்று வருஷத்துப் புட்டியைக் குடித்துவிட்டு, ‘ஹாப் வாசனையே இல்லை’ என்று மூன்று போட்டிருப்பான். தொழுவ வாடை அடிக்கிறது என்று ஒருவன் குறைத்திருப்பான்; அந்த வாடைக்காகவே ஒருவன் கூட்டியிருப்பான். எல்லாவற்றையும் கூட்டி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற பீரை உலகத்தில் ஒருவனும் குடித்ததில்லை. ஒருவனையும் குழந்தைப் பருவத்தில் எடுத்த போட்டோவையும் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த போட்டோவையும் ஒன்றாக்கி, ‘இவர் முகம் சராசரி’ என்று சொல்கிற காரியம் இது. பொருள் காலத்தில் வாழ்கிறது. வளர்கிறது, முற்றுகிறது, தளர்கிறது. மார்க்கோ காலத்தை அழித்துவிட்டுத்தான் பிறக்க முடிகிறது. நாவலுக்குப் போடுகிற மார்க்கின் மீது என் கோபமும் இதுதான். இருபது வயதில் படித்ததையும் ஐம்பதில் படித்ததையும் எந்த எண்ணில் அடைப்பது?

“அதெல்லாம் சரி ஐயா, கடையில் நூறு புட்டி நிற்கிறது. புதிதாக வருகிறவன் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பான்?” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. எத்தனை மார்க்கு என்று கேட்காதே, எப்படி இருக்கும் என்று கேள் என்பது என் பதில். விவரித்துச் சொல்கிற விமர்சகன் வேண்டும். மைக்கேல் ஜாக்ஸன் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் இருந்தார். பாடகர் அல்ல, வேறு. 2007இல் காலமானார். பெல்ஜியத்துப் பீர்களைப் பற்றி 1991இல் அவர் எழுதிய புஸ்தகம் அந்த நாட்டுப் பீரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதில் பெரும் பங்கு கொண்டது. அவரும் தம் கையடக்கப் புஸ்தகத்தில் நட்சத்திரம் போட்டவர்தான். ஆனால் அந்த நட்சத்திரங்களை இன்று யார் நினைக்கிறார்கள்? இந்தப் பீர் எந்த ஊர்த் தண்ணீர், யார் காய்ச்சுகிறார், அந்த ஊரார் இதை எந்த வேளையில் எதோடு குடிக்கிறார்கள் என்று அவர் எழுதியதுதான் நிற்கிறது.

மார்க்குக் கடையின் கதையையும் கேளுங்கள். 2000ஆம் வருஷம் ‘ரேட்பீர்’ என்று இணையத்தில் ஒரு மார்க்குப் பலகை ஆரம்பித்தார்கள். 2005இல் அந்தப் பலகை, போப்பரிங்கவுக்குப் பக்கத்தில் உள்ள வெஸ்ட்வ்லெட்டரன் மடத்துப் பீர் ஒன்றை உலகத்திலேயே முதலாவது என்று அறிவித்தது. மறு நாளிலிருந்து மடத்து வாசலில் கார் வரிசை. நேற்று வரை அதே துறவிகள் காய்ச்சிய அதே பீர்தானே? நேற்று ஏன் வரவில்லை இவர்கள்? துறவிகள் அசையவில்லை. மடம் நடப்பதற்குத் தேவையான அளவே காய்ச்சினார்கள். ஆசைக்குத் தகுந்தாற்போல் அண்டாவைப் பெரிதாக்கவில்லை. பலகை என்ன ஆயிற்று? உலகத்திலேயே பெரிய பீர்க் கம்பெனி அதில் பங்கு வாங்கியிருப்பது 2017இல் வெளியாயிற்று. 2019இல் முழுவதுமே அதன் கைக்குப் போயிற்று. 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். மார்க்கைத் திருத்தினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. பரீட்சை எழுதுகிற பையனே பரீட்சை மண்டபத்தை விலைக்கு வாங்கிக்கொள்ள முடிகிற உலகத்தில், அந்த மண்டபத்துச் சான்றிதழை நெஞ்சில் குத்திக்கொண்டு அலைகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறேன். பலகை போய்விட்டது. மடம் இருக்கிறது. இன்னும் காய்ச்சுகிறார்கள்.

இதற்குள் வேறு பலகைகள் முளைத்துவிட்டன என்பது எனக்குத் தெரியும். அவற்றின் உச்சியில் இருப்பவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் சாராயம் பத்துக்கு மேல் ஏறியவை, அபூர்வமாகக் கிடைப்பவை, முதல் வாயிலேயே அறைகிறவை. ஒரு வாய் குடித்து மார்க்குப் போடுகிறவனுக்கு அறைதான் ஞாபகம் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட சில ஆலைக்காரர்கள் பெல்ஜியத்து ஈஸ்ட்டின் தலையில் அமெரிக்க ஹாப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். கிராம்பும் பம்ப்ளிமாஸும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, இரண்டும் கெட்டு, தைல வாடைதான் மிஞ்சுகிறது. மார்க்குக்காகக் காய்ச்சினால் இப்படித்தான் வரும். பரிசுக்காக எழுதின நாவல் மாதிரி.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அதே பிரஸ்ஸெல்ஸில் ஸென் நதியின் பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஆலை நடக்கிறது. அவர்கள் காய்ச்சுகிற பீர் ஒன்றுக்கு, கோகோலின் நாவலிலிருந்து, ‘தாராஸ் புல்பா’ என்று பெயர். பெற்ற மகனையே கொன்றுபோட்ட அந்த முரட்டுக் கிழவனின் பெயரைத் தாங்கியிருக்கிற பீரில் சாராயம் நாலரைதான்! வெளிறின மஞ்சள், கொஞ்சம் கலங்கல். வாசனையில் ஹாப்பும் ஈஸ்ட்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு வருகின்றன. கசப்பு நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் யாரையும் இடித்துத் தள்ளுவதில்லை. ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் தெளிந்த புத்தியோடு நண்பனிடம் இலக்கியச் சண்டை போடலாம். போட்டேன். பளு தூக்குகிறவர்களின் பட்டியலில் இதற்கு உச்சியில் இடம் கிடைக்காது. கிடைக்காமலே இருக்கட்டும்.

ஆகவே குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு என் கட்சி இதுதான். எண்ணை மூடி வையுங்கள். புட்டியின் தேதியைப் பாருங்கள். அவசரப்படாமல் ஊற்றுங்கள், மூக்கை முதலில் அனுப்புங்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். கசப்பு எங்கே ஆரம்பித்தது, எங்கே போய் முடிந்தது, முடிந்த பிறகு வாயில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு கிண்ணத்துக்கு இது போதிய வேலை. இதைச் செய்கிறவனுக்கு நாலாவது கிண்ணம் தேவைப்படாது. பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் துப்புங்கள். பதினாயிரம் பேர் புகழ்ந்ததைத் துப்புகிற உரிமை ஒவ்வொரு நாக்குக்கும் உண்டு. ஆனால் துப்புவதற்கும் முதலில் வாயில் வைத்தாக வேண்டும்.